சேவலுக்கு எழுதிய விதி

சூரியன் உதிக்க இன்னும் நான்கு நாள் இருந்த ஒரு காலை வேளையில், வடிவு தன் கணவரின் செருப்புகளுக்குள் எடைக்கட்டிகளைச் செருகிக்கொண்டிருந்தாள். சாதாரண நாளென்றால் காலுக்கு இரண்டு கட்டி போதும். அன்று கூட்டம் இருந்தது. ஆறுமுகநயினார் பேசப்போகிறார். பேச்சில் சூடு ஏறினால் காலை ஓங்கித் தரையில் உதைப்பது அவர் பழக்கம். பூமியில் அது வெறும் பழக்கம்தான். எல்லாருடைய எடையும் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் நிலவில் அது வில்லங்கம். போன வருஷப் பொதுக்குழுவில் "விடமாட்டேன்!" என்று உதைத்தவர் நேராக மேலே போய்க் கூரையில் முட்டிக்கொண்டு, கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் தரைக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து கூட்டமென்றால் காலுக்கு ஐந்து கட்டி என்று வடிவு வைத்துக்கொண்டாள்.

"கூட ஒண்ணு போடு வடிவு. இன்னைக்கு ரொம்பக் கோவமா பேச வேண்டியிருக்கும்" என்றார் நயினார்.

"ஆறு போட்டா நடக்க மாட்டிய. கோவத்தக் கொஞ்சம் கொறச்சிக்கிடுங்க" என்றாள் வடிவு.

இதை இருவரும் தொண்டை கிழியக் கத்தித்தான் பேசிக்கொண்டார்கள். சண்டை ஒன்றுமில்லை. முதல் குமிழி என்ற அந்த ஊரில் கொஞ்சுவதென்றாலும் கத்தித்தான் கொஞ்ச வேண்டும். ஊருக்கு நடுவில் நின்ற மூச்சாலை அப்படி.

அந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிலவில் அமைதிக்கடல் என்று ஒரு சமவெளி இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் பூமியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தவர்கள். அங்கே கடலும் இல்லை, கண்ணாடிக் குமிழிக்குள் குடியேறிய முந்நூறு குடும்பங்களுக்கு அமைதியும் இல்லை. தாமிரபரணிக் கரையிலிருந்தும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். பாறையை வறுத்து அதிலிருந்து காற்றைப் பிரித்தெடுத்து ஊருக்கு ஊதிக்கொடுக்கும் பொறியைத்தான் மூச்சாலை என்றார்கள். அது நிறுவிய நாளிலிருந்து கடமுடாவென்று அரைத்துக்கொண்டே இருந்தது. பூமியிலிருந்து வரும் விருந்தாளி முதல்நாள் காதைப் பொத்திக்கொண்டு "இதென்ன சத்தம்?" என்று கேட்டால், ஊர்க்காரர்கள் "எந்தச் சத்தம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். பொய் இல்லை. உண்மையிலேயே அவர்களுக்கு அது கேட்பதில்லை.

சுரங்கம் தீர்ந்துபோய்ப் பல வருஷமாகிறது. குமிழிக்கு வெளியே ஊரைச் சுற்றி வளையமாகத் தோண்டிய பள்ளம் சும்மா கிடந்தது. அதில் பந்தயத் தடம் அமைக்க விரைசுழல் என்ற நிறுவனம் அனுமதி கேட்டது. சும்மா கேட்கவில்லை. தடத்துக்கு இடம் கொடுத்தால் கீறல் விழுந்த குமிழியை மாற்றித்தருவோம், வீடுகளை இடித்துப் பெரிதாகக் கட்டித்தருவோம், இருமிக்கொண்டு ஓடும் கிழட்டு மூச்சாலைக்குப் பதிலாகச் சத்தமே போடாத ஊமை மூச்சாலை ஒன்றும் வைத்துத்தருவோம் என்றது.

ஊர் இரண்டுபட்டது. புதுக் காற்று வேண்டும், புது வீடு வேண்டும் என்றவர்கள் காத்துக் கட்சி. பந்தயச் சத்தத்தில் வாழ முடியாது என்றவர்கள் காதுக் கட்சி. காதுக் கட்சிக்குத் தலைவர், குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவரும் ஓய்வுபெற்ற சுரங்க மேற்பார்வையாளருமான ஆறுமுகநயினார்.

வடிவு எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனால் காதுக் கட்சி ஜெயிக்க வேண்டுமென்று மனசுக்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பந்தயச் சத்தத்தைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. அவள் பயந்தது அந்த ஊமை மூச்சாலைக்கு.

காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நயினார் குறட்டை விடுவார். இருபத்திரண்டு வருஷமாக விடுகிறார். தலையணையில் தலை பட்ட மாத்திரத்தில் தொடங்கி, ஏறி, உச்சிக்குப் போய், அங்கே ஒரு கணம் நின்று, பிறகு மொத்தமாகச் சரியும். ஒரு முழ தூரத்தில் படுத்திருக்கும் வடிவுக்கு மட்டும்தான் அது கேட்கும். மற்றவர்களுக்குக் கேட்காமல் மூச்சாலை பார்த்துக்கொண்டது. கல்யாணமான புதிதில் ஒருமுறை நைசாகச் சொல்லிப் பார்த்தாள். "குறட்டையா? நானா? எங்க பரம்பரையிலேயே கெடையாது!" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டார். அதோடு அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அவரும் பாவம், விடியற்காலையிலேயே எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஏன் என்று கேட்டால் "தூக்கம் போதும்" என்பார்.

குறட்டை வெளியே கேட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். முழுகும். அதற்குக் காரணம் ஒரு சேவல்.

சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எப்சிபா முன்பு ஒரு சேவல் வளர்த்தாள். நிலவில் விடியல் மாதத்துக்கு ஒருமுறைதான். சேவலுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. விளக்கைப் போட்ட நேரமெல்லாம் கூவியது, அதுவும் மூச்சாலையை அமுக்கிக்கொண்டு. நயினார் சங்கத்தில் ஒரு விதி கொண்டுவந்தார். சேவல் என்று பச்சையாக எழுதிவிட்டால் நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்து, நாசூக்காக எழுதினார்: 'குமிழியின் வழக்கமான ஓசையை மிஞ்சி ஒலிக்கும் எந்தப் பொறியும், வண்டியும், உயிரினமும் கல்குழிக் குமிழிக்கு அப்புறப்படுத்தப்படும்.' எப்சிபா ஆள் சேர்த்து விதியை ரத்து செய்துவிடக்கூடாதே என்று, ஏழு வருஷத்துக்கு இதை மாற்ற முடியாது என்றும் ஒரு வரி சேர்த்தார். நிலவு நிர்வாகத்தில் விதிகளை நடத்துபவை எந்திரங்கள். அவற்றுக்கு நாசூக்கு தெரியாது. எழுத்துக்கு எழுத்து பார்க்கும். சேவல் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கல்குழி என்பது அடுத்த மலைக்கும் அப்பால் உள்ள பாழடைந்த குவாரி. போனவர் தனியாகத்தான் போக வேண்டும், துணைக்கு ஆள் அனுப்பமாட்டார்கள். பிள்ளைகளை மிரட்ட ஊரில் "சேவல் போன எடத்துக்கு அனுப்பிருவேன்" என்று சொல்லும் வழக்கமே வந்துவிட்டது. ஊமை மூச்சாலை வந்தால், தான் எழுதிய விதியாலேயே நயினார் சேவல் போன இடத்துக்குப் போவார்.

அன்றைய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நிர்வாகம் ஒரு எந்திர அலுவலரை அனுப்பியிருந்தது. மெலிந்த உடம்பு, தட்டு அகலத்துக்கு இரண்டு காது. ஊர் அதற்குக் கேட்பான் என்று பெயர் வைத்தது.

நயினார் எழுந்தார். "வெளியில காத்து கெடையாது, அதனால சத்தம் உள்ள வராதுன்னு சொல்லுதாவ. காத்து கெடையாது, சரி. தரை இருக்குல்லா? நிலா காஞ்ச மண்ணு. ஒரு எடத்துல தட்டுனா கோயில் மணி கணக்கா ரொம்ப நேரம் அதிரும். அந்த அதிர்வு பூரா நம்ம வீட்டுத் தரை வழியா ஏறி, சட்டி பானையெல்லாம் ஆடும். நம்ம அமைதிய விட்டுக்குடுக்க முடியுமா? விடமாட்டேன்!" என்று உதைத்தார். ஐந்து கட்டியும் அவரைத் தரையில் பிடித்துவைத்தன.

"மூச்சாலை நின்னுபோச்சுன்னா அமைதியாத்தான் இருக்கும், மூச்சே இருக்காதே!" என்று காத்துக் கட்சியிலிருந்து எப்சிபா கத்தினாள். இந்தப் பக்கமும் கத்தினார்கள். நிறுவனத்தின் சார்பில் பூமியிலிருந்து வந்திருந்த சம்யுக்தா என்ற அம்மாள் மூன்று முறை எழுந்து ஏதோ சொன்னாள். அவளுக்கு இன்னும் நிலவுத் தொண்டை வாய்க்கவில்லை. வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. மூன்று முறையும் உட்கார்ந்துவிட்டாள்.

கேட்பான் கையை உயர்த்தியது. "காதுத் தரப்பின் முறையீடு, இங்குள்ள அமைதி கெடும் என்பது. கெடுவதற்கு முன் அது எவ்வளவு உள்ளது என்று நான் அளக்க வேண்டும். மூச்சாலை ஓடும்போது அமைதி எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. ஆகவே வரும் ஞாயிறு மதியம் மூச்சாலை நிறுத்தப்படும். அந்த நேரத்துக்கு நிறுவனத்தின் ஊமை மூச்சாலை காற்று தரும். அனைவரும் வழக்கம்போல் உண்டு, வழக்கம்போல் உறங்குங்கள். விதிமீறல் ஏதும் காதில் விழுந்தால் அதையும் பதிவு செய்வேன்."

இரண்டு கட்சியும் கைதட்டியது. தங்கள் அமைதி உலகறியப்போகிறது என்று காதுக் கட்சிக்குச் சந்தோஷம். ஊமை மூச்சாலையை எல்லோரும் ருசி பார்ப்பார்கள் என்று காத்துக் கட்சிக்குச் சந்தோஷம். வடிவு கைதட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மேடையில் நயினாரும் கைதட்டவில்லை, முகம் வெளுத்துக் கிடந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதியம் வேண்டாம், காலையில அளந்துக்கிடலாமே" என்று அவர் இழுத்தார். கேட்பான் மறுத்துவிட்டது.

மனுஷன் தோற்றுவிடுவோமென்று பயப்படுகிறார் என்று வடிவு நினைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு மதியம். அதற்கப்புறம் ஊர் தடம் வேண்டாமென்று சொல்லிவிடும், கிழட்டு மூச்சாலையே காப்பாற்றிக்கொள்ளும்.

ஞாயிறு வந்தது. வடிவு கனமாக எதுவும் சமைக்கவில்லை. காய்ந்த ரொட்டியும் துவையலும்தான். உண்ட களைப்புக்கே வழி இருக்கக்கூடாது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. எப்சிபா ஒரு தூக்குச்சட்டியோடு நின்றாள்.

"சொதி வச்சேன் மைனி. இஞ்சிப் பச்சடியும் இருக்கு. கட்சி வேற, சாப்பாடு வேற. அண்ணாச்சிக்குச் சொதின்னா உசுருல்லா?"

தேங்காய்ப்பால் சொதியைச் சாப்பிட்டுவிட்டு விழித்திருந்த ஆண்பிள்ளை திருநெல்வேலிச் சீமையில் கிடையாது, நிலவிலும் கிடையாது. எப்சிபா போனதும் வடிவு ஒரு முடிவுக்கு வந்தாள். முழுவதையும் தானே தின்று தீர்த்துவிடுவது. சட்டியோடு வாயில் சாய்க்கப் போனவளின் கையை நயினார் பாய்ந்து பிடித்தார்.

"நீ சாப்பிடாத! உனக்கு ஆகாது! இங்க கொண்டா!"

"எனக்கு என்ன ஆகாது? ஒங்களுக்குத்தான் ஆகாது. விடுங்க!"

"ஏட்டி, சொன்னாக் கேளு!"

இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் சாப்பாட்டுக்குச் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. கடைசியில் ஆளுக்குப் பாதியாக அவசர அவசரமாகத் தின்று தீர்த்தார்கள். தின்று முடித்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில் கொட்டாவி வந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"தாயம் ஆடலாமா?" என்றாள் வடிவு.

"நானே சொல்லணும்னு நெனச்சேன்" என்றார் நயினார்.

அப்போது மூச்சாலை நின்றது.

அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் அன்றுதான் முதல் தடவையாக ஒன்றுமில்லாததைக் கேட்டார்கள். வடிவுக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. தான் மூச்சு விடுவது தனக்கே கேட்டது. நயினார் எச்சில் விழுங்குவது கேட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவர்கள் முதல் தடவையாக ரகசியக் குரலில் பேசினார்கள். அவர் குரல் இவ்வளவு மென்மையானது என்று வடிவுக்கு அன்றுவரை தெரியாது. அந்த நேரத்திலும் அது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தாயக்கட்டையை உருட்டினால் நிலவில் அது ஆடி அசைந்து விழ நேரமாகும். அது விழும் நேரத்துக்குள் நயினாரின் கண் செருகியது. வடிவு கிள்ளினாள். அவர் திடுக்கிட்டு விழித்துத் திருப்பி அவளைக் கிள்ளினார்.

"என்னைய எதுக்குக் கிள்ளுதிய?"

"சும்மா, ஒனக்கும் கண்ணு சொக்குதுல்லா."

அந்தச் சமயத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்டது. தண்ணீர் ஏறாத மோட்டாரைப் போட்டுவிட்டதுபோல ஒரு சத்தம். எப்சிபா. சொதியில் மிச்சத்தை அவளும் சாப்பிட்டிருப்பாள். சற்று நேரத்தில் மாடி வீட்டிலிருந்து இன்னொன்று இறங்கியது. எதிர்வீட்டிலிருந்து விசிலோடு ஒன்று. பின்பு தெருத்தெருவாக, ஒன்று இழுக்க ஒன்று விட, ஊர் மொத்தமும் சேர்ந்துகொண்டது. வடிவு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். நயினாரும் குலுங்கினார். ஊரில் தன் புருஷன் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் தனியாகப் பயந்திருக்கிறாளே! அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

இறங்கிய பாரம் சாயங்காலமே திரும்பி வந்தது.

மன்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நல்ல தூக்கம் தூங்கிய தெளிவு எல்லா முகத்திலும் இருந்தது. கேட்பான் பேசியது, இப்போது அது கத்த வேண்டியிருக்கவில்லை. "குமிழியின் வழக்கமான ஓசை இன்று ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதை மிஞ்சி ஒலித்த உயிரினங்கள் எல்லா வீட்டிலும் உள்ளன, ஒரு வீட்டைத் தவிர. அது தலைவர் ஆறுமுகநயினாரும் அவர் மனைவியும் இருக்கும் வீடு. விதிப்படி மற்ற அனைவரும் ஒரு மாதத்துக்குள் கல்குழிக்குச் செல்ல வேண்டும். அங்கே எழுபது பேருக்குத்தான் இடம் உள்ளது என்பதையும், அதில் ஏற்கனவே ஒரு சேவல் உள்ளது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."



"குறட்டையா? நானா?" என்றாள் எப்சிபா. அதையே முந்நூறு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் கேட்டார்கள். தன் குறட்டையை ஒருவரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுடையதை எல்லோரும் உடனே நம்பினார்கள்.

"விதிய மாத்துங்க அண்ணாச்சி!"

"ஏழு வருஷத்துக்கு முடியாதுப்பா. எழுதித் தொலைச்சிட்டேன்" என்றார் நயினார், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப பழைய மூச்சாலையவே ஓட்டுங்க. சத்தம் வந்துட்டா வழக்கமான ஓசையும் வந்துரும்லா?"

அதற்கு ஆள் போயிருந்தது. போனவர்கள் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். சில கிழவர்கள் எழுந்து நடமாடிக்கொண்டே இருந்தால் காலத்தை ஓட்டிவிடுவார்கள், ஒரு தடவை படுத்தால் தீர்ந்தது. மூச்சாலையும் அப்படித்தான் படுத்துவிட்டது. இனி அது எழாது என்றார்கள். ஊமைப் பொறிதான் இனி ஊருக்குக் காற்று.

கூட்டத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. வடிவு கணவரைப் பார்த்தாள். இன்றைக்குத் தப்பித்தாயிற்று. நாளைக்கு? நாளை மறுநாள்? ஆயுசு முழுக்கத் தாயம் ஆடித் தூங்காமல் இருக்க முடியுமா? கேட்பான் அடுத்த ஞாயிறும் வரும். எப்சிபா போவாள், மாடி வீட்டுக்காரர் போவார், ஒருநாள் கண் அயர்ந்தால் இவரும் போவார். ஆளில்லாத குமிழியில் தான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. யாருடைய கூட்டத்திலும் வாயைத் திறக்காத வடிவு சட்டென்று எழுந்தாள்.

எழுந்த வேகம் கூடுதலாகிவிட்டது. பேசப் பழகாதவள், செருப்பில் கட்டி அதிகம் போட்டுக்கொள்ளவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டாள். பரவாயில்லை என்று அங்கிருந்தே கேட்டாள்.

"ஐயா, வழக்கமான ஓசை, வழக்கமான ஓசைன்னு சொல்லுதியளே, அது எது? மூச்சாலைச் சத்தம்தான்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

கேட்பான் தலையை நிமிர்த்தி அவள் இறங்கும்வரை காத்திருந்தது. "இல்லை. எந்த ஓசை நாள்தோறும் தொடர்ந்து கேட்கிறதோ அதுவே வழக்கமான ஓசை. அது எதிலிருந்து வர வேண்டும் என்று விதி சொல்லவில்லை."

தரைக்கு வந்த வடிவு சேலையைச் சரிசெய்துகொண்டாள். "அப்ப பந்தயம் ஓடட்டும். நாம தூங்குத நேரம் பூரா ஓடட்டும். தரை அதிரட்டும்."

காதுக் கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் கைதட்டியவர் நயினார். அத்தனை மாதமாக எதிர்த்துப் பேசிய அதே வாயால், அதே சூட்டோடு, மேடையேறினார். "சத்தம் நமது பிறப்புரிமை! அத விட்டுக்குடுக்க முடியுமா? விடமாட்டேன்!" காதுக் கட்சியும் காத்துக் கட்சியும் எழுந்து ஆரவாரம் செய்தன. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும் தறுவாயில், பின்வரிசையிலிருந்து ஒரு சன்னமான குரல் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம். ப்ளீஸ்."

சம்யுக்தா. மூச்சாலை இல்லாததால் அவள் குரல் அன்றுதான் முதல் தடவையாக ஊரின் காதில் விழுந்தது.

"இதத்தான் சார் நான் ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்ல வந்தேன். எங்க வண்டியெல்லாம் காந்தத்துல மிதக்கிற வண்டி. தரையவே தொடாது. அதிர்வே வராது. சத்தம் சுத்தமா கிடையாது. நீங்க எதுக்குப் பயந்தீங்கன்னு எனக்குப் புரியவே இல்ல."

இத்தனை மாதச் சண்டையில் சத்தம் வருமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை.

முதலில் கோபப்பட்டவள் எப்சிபா. "சத்தம் போடாத வண்டியா? இது என்னம்மா அநியாயம்? ஊருக்குள்ள தொழில் பண்ண வாறிய, ஊர்க்காரங்களுக்கு ஒரு உபகாரம் செய்ய மாட்டியளா?"

"சத்தமில்லாத பந்தயத்த எதிர்த்து மறியல் செய்வோம்!" என்றார் ஒருவர்.

"இரும்புச் சக்கரம் மாட்டணும். மாட்டுனாத்தான் அனுமதி" என்றார் நயினார்.

சம்யுக்தா தலையைப் பிடித்துக்கொண்டாள். "சக்கரம் மாட்டலாம் சார், மாட்டலாம். ஆனா தூங்கற நேரத்துல ஓட்டினா யார் வந்து பார்ப்பாங்க?"

"யாரும் பாக்கணும்னு இல்லம்மா. ஓடுனாப் போதும்" என்றாள் வடிவு.

இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து உழைத்ததில் தடம் மாதம் முடிவதற்குள் தயாராகிவிட்டது. ஊர் தூங்கும் ஓய்வு வேளைக்கு மணி அடித்ததும் வெளியே, வெயிலோ இருட்டோ, பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத பள்ளத்தில் வண்டிகள் இரும்புச் சக்கரத்தோடு சுற்றத் தொடங்கும். தரை வழியாக அவற்றின் உறுமல் ஏறி வந்து கட்டிலுக்குள் புகும். சட்டி பானை கிணுகிணுக்கும். நயினார் சொன்னது அத்தனையும் நடந்தது, ஊர் நிம்மதியாகத் தூங்கியது. கேட்பான் வந்து அளந்து பார்த்து, விதிமீறல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. கல்குழிக்குப் போயிருந்த சேவலும் திரும்பி வந்தது. அது கூவியபோது பந்தய உறுமலில் யார் காதிலும் விழவில்லை.

முதல் நாள் ஓய்வு வேளையில் வடிவு வாசல் திரையை இழுத்துவிட்டு வந்து படுத்தாள். உடம்பு தரையோடு சேர்ந்து மெல்ல அதிர்ந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பயமில்லாமல் தலையைச் சாய்த்தாள். இனி சொல்லலாம் என்று தோன்றியது.

"ஏங்க, கோவிச்சுக்கிடாதிய. அன்னைக்குத் தாயம் ஆடினோம்லா, நல்லவேளை நீங்க தூங்கல. தூங்கியிருந்தியன்னா சேவலுக்கு அடுத்த கட்டில் ஒங்களுக்குத்தான். ஒங்க குறட்டை எனக்கு மட்டும்தான தெரியும்."

நயினார் எழுந்து உட்கார்ந்தார். "என் குறட்டையா? ஏட்டி, நீ தூங்கிரக்கூடாதேன்னுல்லா நான் அன்னைக்கு முழிச்சிக் கெடந்தேன்! அந்தச் சொதியப் பிடுங்குனது எதுக்குன்னு நெனச்ச? இருவத்திரெண்டு வருஷமா விடியக்காலம் எந்திரிச்சு உக்காந்திருக்கேனே, தூக்கம் போதும்னா? நீ விடுத குறட்டையில மனுஷன் படுக்க முடியுமா? ஊமை மூச்சாலை வந்துட்டா ஊருக்கே கேட்டுரும், உன்னைக் கல்குழிக்குக் கொண்டு போயிருவாவன்னுதான் நான் காதுக் கட்சியே ஆரம்பிச்சேன்!"

வடிவும் எழுந்து உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் பாதி அவள் நெஞ்சைத் தொட்டது. இந்த மனுஷன் இத்தனை மாதம் தொண்டை கிழியக் கத்தியது தனக்காகவா என்று கண் கலங்கியது. மறுபாதியில் கண் காய்ந்துவிட்டது.

"குறட்டையா? நானா? எங்க பரம்பரையிலேயே கெடையாது!"

"எங்க பரம்பரையிலயும் கெடையாது!"

பந்தயத்தையும் மிஞ்சிக்கொண்டு குரல் எழுந்ததும் சுவரில் டக்டக்கென்று தட்டினாள் எப்சிபா. "கொஞ்சம் சத்தமில்லாம இருங்க மைனி! மனுசங்க தூங்க வேண்டாமா?"

இருவரும் வாயை மூடிக்கொண்டு படுத்தார்கள். நயினார் சிரித்தார், கட்டில் குலுங்கியது. வடிவு அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை. அவர் முதலில் தூங்கட்டும், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கண்ணை அகலத் திறந்துவைத்துக்கொண்டாள். அவள் முதலில் தூங்கட்டும் என்று அவரும் அதையேதான் செய்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போனார்கள்.